வீடு திரும்பிய பிறகு

ரயில்வே பணியின் பொருட்டு நாக்பூரில் குடியேறிய காலம் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு சத்சங்கத்தில் கலந்துகொண்டு வருகிறேன். முப்பது, முப்பத்தைந்து பேர் கூடுவோம். மராட்டியரே மிகுதி, இந்தி பேசுவோர், தெலுங்கர், எங்களைப் போன்ற சில தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சற்று நேரம் நூல் வாசிப்பு, பிறகு பஜனை, இறுதியில் இருபது நிமிட தியானம். பஜனையை நடத்தி வந்தவர் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் பணிபுரிந்த அன்பர். துக்காராமின் அபங்கங்களில் அவருக்குத் தெரியாதது எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. யாராவது அடி தவறிப் பாடினாலும் முகம் சுளிக்காமல் ஹார்மோனியத்தாலேயே அவரைத் திருத்திச் சேர்த்துக்கொள்வார்.

2011 நவம்பர் மாத இறுதியில் ஒரு நாள் இரவு, விளக்கில்லாத சாலைத் தடுப்பில் அவருடைய ஸ்கூட்டர் மோதியது. ஹெல்மெட் வண்டியின் முன்பக்கக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

தலையில் இரண்டு அறுவை சிகிச்சைகள். நாற்பது நாட்கள் மருத்துவமனை வாசம். அந்த நாற்பது நாட்களும் எங்கள் சத்சங்கம் ஓர் உடல் போல இயங்கியது. இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றோம். இரவு முறை வைத்துக் காத்திருந்தோம். மூன்று வீடுகளிலிருந்து மாறி மாறி உணவு சென்றது. பணமும் திரட்டினோம். 2012 ஜனவரி முதல் வாரத்தில் அவர் வீடு திரும்பியபோது அனைவரும் சென்று பிரார்த்தனை செய்து, பிரசாதம் பகிர்ந்துகொண்டு திரும்பினோம். நாம் ஒரு நல்ல காரியத்தைச் செய்து முடித்தோம் என்ற நிறைவு எல்லோர் முகத்திலும் இருந்தது.

‘முடித்தோம்’ என்று நாங்கள் எண்ணிய அந்த நாளில்தான் அந்தக் குடும்பத்துக்கு எல்லாம் தொடங்கியது என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு தசராவுக்குப் பிறகு அவருடைய மனைவி அவரைச் சத்சங்கத்துக்கு அழைத்து வந்தார். தியானம் தொடங்கிச் சிறிது நேரத்தில் அவர் உரக்கச் சிரித்தார். பிறகு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த வாரம், அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவரிடம் சொல்லத் தகாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். விபத்துக்கு முன் அவர் வாயில் அப்படியொரு சொல்லை யாரும் கேட்டதில்லை. மறுநாள் மூத்தவர்கள் இருவர் அவர் வீட்டுக்குச் சென்று, “சில காலம் அவர் வீட்டிலேயே ஓய்வாக இருக்கட்டும்; கூட்டம் அவருக்கு ஆகவில்லை போலிருக்கிறது” என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள். அந்த இருவரில் ஒருவன் நான்.

“சரி, தாதா” என்றார் அவருடைய மனைவி. மராட்டியில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினார்.

நாங்கள் செய்தது சரியா? பல ஆண்டுகளாக என்னை விடாத கேள்வி இது. இதைப் படிக்கும் அன்பர்கள் பலருடைய வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ இத்தகைய ஒருவர் இருக்கக்கூடும். பக்கவாதத்தால் வீழ்ந்தவராகவும் அவர் இருக்கலாம். எனவே இதை உங்கள் முன்வைத்துச் சிந்திக்க விரும்புகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத காயம்

கால் ஒடிந்தவருக்கு ரயிலில் எழுந்து இடம் கொடுக்கிறோம். மூளையில் அடிபட்டவருக்கு நாம் கொடுப்பது அறிவுரை. “கொஞ்சம் மனத்தைக் கட்டுப்படுத்துங்கள்” என்கிறோம். எந்தக் கருவியால் கட்டுப்படுத்த வேண்டுமோ அந்தக் கருவியில்தான் காயம் என்பது நமக்கு உறைப்பதில்லை.

நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி, எழும் எண்ணத்தைச் செயலாக்கும் முன் ஒரு கணம் நிறுத்திப் பார்க்க உதவுகிறது. சொல்லலாமா, கூடாதா என்ற தயக்கம் அங்கே பிறக்கிறது. ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவதற்கான உந்துதலும் அப்பகுதியைப் பெரிதும் சார்ந்தது. அது பழுதுபட்டால் ஒருவர் கடுஞ்சொல் பேசுபவராக ஆகலாம். அல்லது நாள் முழுவதும் கட்டிலில் உட்கார்ந்தே இருப்பவராக ஆகலாம். முதலாமவரை முரடர் என்கிறோம், இரண்டாமவரைச் சோம்பேறி என்கிறோம். இன்னும் சிலருக்குப் புதிய செய்தி எதுவும் நினைவில் தங்காது. சிலருக்குச் சொல் தொண்டைவரை வந்து நின்றுவிடும். தமக்குக் குறை இருப்பதையே அறியாத நிலையும் உண்டு. அது குடும்பத்தினருக்கு எல்லாவற்றிலும் கடினமானது. நாலு பேர் பேசும் அறையில் அரை மணி நேரம் இருந்தாலே நாள் முழுவதும் மூட்டை சுமந்தவரைப் போல் களைத்துவிடுவார்கள். அந்தக் களைப்பும் வெளியே தெரியாது.

2022இல் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாயின. 1,68,491 பேர் இறந்தனர். செய்தித்தாள்கள் இந்த எண்ணோடு நின்றுவிடுகின்றன. காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். அவர்களில் எத்தனை பேர் பழைய மனிதர்களாகவே வீடு திரும்பினார்கள் என்பதை அந்தக் கணக்கு சொல்வதில்லை.

மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1848 செப்டம்பரில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையின் மேற்பார்வையாளர் ஃபினியஸ் கேஜ், இருபத்தைந்து வயது இளைஞர். எதிர்பாராமல் மருந்து வெடித்ததில், மூன்றரை அடிக்கு மேல் நீளமுள்ள இரும்புக் கம்பி அவருடைய இடக் கன்னத்தின் கீழ் நுழைந்து மண்டையின் உச்சியைத் துளைத்துக்கொண்டு வெளியே விழுந்தது. அவர் பிழைத்தார். ஆனால் குணம் மாறிவிட்டது. திறமைசாலி என்று போற்றிய முதலாளிகளே அவரை மீண்டும் அந்தப் பொறுப்பில் வைத்துக்கொள்ளவில்லை. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இத்துடன் கதையை முடித்துவிடும்.

கதையின் பிற்பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. கேஜ் முதலில் ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். 1852இல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்று, வால்பரைசோவுக்கும் சாந்தியாகோவுக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டியை ஓட்டினார். பல ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். வண்டியோட்டுவது எளிய வேலையன்று. குதிரைகளைப் பராமரிக்க வேண்டும், நேரம் தவறக் கூடாது, பயணிகளிடம் பேச வேண்டும். அதே நேரம், அதே வழி, அதே குதிரைகள் என்ற ஒழுங்கு அவரைச் சிறிது சிறிதாக மீண்டும் மனிதர்களிடையே கொண்டுவந்து சேர்த்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மறுவாழ்வு மருத்துவம் என்ற துறையே உருவாகாத காலம் அது. யாரோ ஒருவர் ‘இந்தக் கடிவாளத்தைப் பிடி’ என்று ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

‘இவர் அவர்தானா?’

விபத்துக்குச் சில மாதங்களுக்குப் பிறகு அவருடைய மனைவி என்னிடம் கேட்டார்: “தாதா, இவர் அவர்தானா?”

அப்போது நான் சொன்ன பதிலை இன்று எண்ணினால் கூச்சமாக இருக்கிறது. உடலும் மனமும் மாறக்கூடியவை. மனமும் புத்தியும்கூட பிரகிருதியின் விளைவே, நுண்ணிய ஜடமே. அவற்றுக்குச் சாட்சியாக உள்ள ஆத்மாவில் எந்தக் காயமும் இல்லை என்று விளக்கினேன். வேதாந்த வகுப்பில் கேட்ட அனைத்தும் வரிசை மாறாமல் வந்தது. பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அப்படியானால் நேற்று என் மகனை அறைந்தது யார், தாதா?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை.

நான் சொன்ன தத்துவம் பொய் என்று இப்போதும் கருதவில்லை. ஆனால் அதை யாரை நோக்கிச் சொன்னேன் என்பதில் பிழை இருந்தது. ‘நான் உடலல்லேன், மனமல்லேன்’ என்பது சாதகன் தன்னையே நோக்கிச் செய்ய வேண்டிய விசாரணை. பிறருடைய வலியின் மீது அதை எடுத்து வீசினால், கேட்பவருக்கு அது ‘உன் வலி உண்மையன்று’ என்றே கேட்கும்.

அந்தத் தத்துவத்தை எங்கள் பக்கம் திருப்பியிருந்தால் என்ன கேட்டிருக்கும்? நாங்கள் அந்த அன்பரிடம் எதை நேசித்தோம்? அவருடைய குரலை, நகைச்சுவையை, எங்கள் பிழைகளைப் பொறுத்துக்கொண்ட அந்தப் பெருந்தன்மையை. இவை எல்லாம் மூளையின் ஒரு பகுதி நலமாக இருந்தவரை வெளிப்பட்ட குணங்கள். குணங்கள் போனதும் எங்கள் நேசமும் போய்விட்டது என்றால், எங்களுக்கு இனிமை தந்த ஒன்றையே இத்தனை காலம் நேசித்திருக்கிறோம். யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்குச் செய்த உபதேசத்தை எங்கள் குழுவில் பலமுறை வாசித்ததுண்டு. அன்பின் வேர் எங்கே இருக்கிறது என்பதுதான் அங்கே பேசப்படும் பொருள். வாசித்த அறையிலேயே அதற்கான தேர்வும் நடந்தது, தோற்றுப்போனோம்.

அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் என்ற பெண்மணி 1970களிலிருந்து இத்தகைய குடும்பங்களின் துயரத்தை ஆராய்ந்து, அதற்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்ற பொருள்படும் பெயரைக் கொடுத்தார். ஒருவர் காணாமற்போனால் உடல் இல்லை, உறவு மனத்தில் இருக்கிறது. இங்கே ஆள் கண்முன் இருக்கிறார். பழகிய மனிதர் இல்லை. இறந்தவருக்காக அழலாம், பதின்மூன்றாம் நாள் காரியம் உண்டு, ஊர் கூடும். இந்த இழப்புக்குச் சடங்கும் கிடையாது, அழுதால் ‘உயிரோடு இருக்கிறாரே, நன்றி சொல்’ என்று கண்டிப்பார்கள். அந்தப் பெண் இரண்டு ஆண்டுகள் யார் முன்பும் அழவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

கர்மம் யாருடையது?

“பூர்வ கர்மம், என்ன செய்வது?” நலம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேராவது இதைச் சொல்லியிருப்பார்கள். கெட்ட எண்ணத்துடன் சொல்லவில்லை. வேறு என்ன சொல்வதென்று தெரியாத வேளையில் நம் நாவுக்கு அருகில் இருக்கும் சொல் அது.

கர்மக் கொள்கையை ஒருவர் தம் துன்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டால் அது பொறுமையைத் தருகிறது. அடுத்தவர் துன்பத்தைப் பற்றிச் சொன்னால் சொல்பவருக்கு விடுதலையைத் தருகிறது: நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்ற விடுதலை. அவருடைய பழைய வினை எது என்பதை அறியும் கண் எனக்கில்லை. அவர் முன் நின்றுகொண்டு நான் இப்போது என்ன செய்கிறேன் என்பதோ எனக்கு நன்றாகவே தெரியும். அது என் கணக்கில் ஏறும் வினை. மேலும், கர்மம் என்று சொல்லி முடித்துவிட்டால் அந்தச் சாலைத் தடுப்பில் விளக்கு இல்லாததை யார் கேட்பது? எங்களில் யாரும் மாநகராட்சிக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

மகாபாரத வன பர்வத்தில் வரும் அஷ்டாவக்கிரரை எண்ணிப் பாருங்கள். எட்டுக் கோணலான அந்த உடல் அவருடைய பழைய வினையின் பயன் என்று அங்கே சொல்லப்படவில்லை. கருவில் இருந்தபடியே தந்தையின் ஓதுதலில் குறை கண்டதால், தந்தை சினந்து சபித்ததன் விளைவு அது. ஆக, குழந்தையின் கோணலுக்குக் காரணம் பெரியவர் ஒருவரின் பொறுமையின்மை! அந்தச் சிறுவன் ஜனகரின் வேள்விச் சாலைக்கு வந்தபோது முதல் தடை வாயிலிலேயே ஏற்பட்டது. காவலன் உள்ளே விட மறுத்தான். வாதப் போர் உள்ளே நடப்பதற்கு முன், உள்ளே செல்லும் உரிமைக்காக வாசலில் ஒரு வாதம் நடந்தாக வேண்டியிருந்தது. அவையில் வந்தியை வென்றதை நாம் விரிவாகச் சொல்கிறோம். வாசலை விரைவாகக் கடந்துவிடுகிறோம்.

நம் சொற்பொழிவாளர்கள் மந்தரையின் நடையை நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேட்பவர்களில் முதுகு வளைந்த ஒரு பெண்குழந்தை இருக்கக்கூடும். இதைச் சொன்னதற்காக ஓர் உபந்யாசகர் என்னிடம் வருத்தப்பட்டார். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

மனைவியின் கணக்கு

விடுப்பு எல்லாம் தீர்ந்தது. 2013 பிப்ரவரியில் வங்கியிலிருந்து ஒருவர் வந்து விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிச் சென்றார். எதில் கையெழுத்திடுகிறோம் என்று அறியும் நிலையில் அந்த அன்பர் இல்லை. வேறு வழியில்லை என்று மனைவியும் நம்பிவிட்டார்.

வழி இருந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 47ஆவது பிரிவு, பணியில் இருக்கும் காலத்தில் ஊனமுற்ற ஊழியரைப் பணியிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று சொல்லியது. பழைய வேலைக்கு அவர் பொருந்தாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், பொருத்தமான வேலை கிடைக்கும்வரையோ ஓய்வு பெறும் வயதுவரையோ அவருக்கெனக் கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் 20ஆவது பிரிவில் அரசு நிறுவன ஊழியர்களுக்கு இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும் தேவைப்படலாம் என்பதால் பிரிவு எண்களோடு எழுதுகிறேன்.

எங்கள் சத்சங்கத்தில் அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞர் இருந்தார். அவரிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் குடும்பத்தை வர வேண்டாம் என்று நாங்கள் சொல்லி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. யார் யாரிடம் கேட்பது? பின்னர் அவரே மனு எழுதினார். இரண்டு ஆண்டுகள் இழுத்தது. ஓய்வூதியக் கணக்கில் சிறு திருத்தம் கிடைத்தது, வேலை திரும்பவில்லை.

கணவர் பெயரில் இருந்த மனையை விற்றுக் கடனை அடைக்க முயன்றபோது இன்னொரு கதவு மூடியிருந்தது. அவர் சார்பில் கையெழுத்திடச் சட்டபூர்வமான காப்பாளர் வேண்டும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு எளிய வழியை வகுத்திருக்கிறது. ஆனால் ஆட்டிசம், பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கே அது உரியது. நடுவயதில் தலையில் அடிபட்டவர் இவற்றில் எதிலும் எளிதாகப் பொருந்துவதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஊனங்களின் வகையை ஏழிலிருந்து இருபத்தொன்றாக உயர்த்தியது. அதிலும் மூளைக் காயம் என்ற பெயரில் தனி வகை இல்லை. பேச்சு, நடை, அறிவாற்றல் என்று எஞ்சிய விளைவை வைத்துத்தான் சான்றிதழ் பெற வேண்டும். நினைவிழந்து கிடப்பவர்களின் குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்த நிலையைக் கண்டு, 2019இல் கேரள உயர் நீதிமன்றம் காப்பாளர் நியமனத்துக்கு வழிமுறைகளை வகுத்தது. ஊனமுற்றோர் என்றோம், மாற்றுத்திறனாளிகள் என்றோம், இந்தியில் திவ்யாங்கர் என்கிறார்கள். பெயர் மாற்றுவதற்குக் காட்டிய வேகத்தில் கொஞ்சம் அந்த மனைவி ஏறி இறங்கிய படிகளிலும் காட்டியிருக்கலாம்.

அவர் ஒரு தனியார் பள்ளியில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நேரத்தில் கணவரைப் பார்த்துக்கொள்ள மாமியார். மாலையில் பள்ளி விட்டு வந்ததும் பன்னிரண்டு வயது மகன். ஞாயிறு காலை நடக்கும் சிறுவர் வகுப்புக்கு அவன் வருவது நின்றுவிட்டதைப் பார்த்து, கடைத்தெருவில் கண்டபோது காரணம் கேட்டேன். “ஆயி ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க வேண்டும். ஆஜிக்கு முடியவில்லை. நான் வந்துவிட்டால் பாபாவை யார் பார்ப்பார்கள், காகா?” என்றான்.

ஒருவரைத்தான் வர வேண்டாம் என்றோம். நால்வரை வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்பது அந்தக் கடைத்தெருவில்தான் எனக்குப் புரிந்தது.

ஓர் இடமும் ஒரு வேலையும்

நம் நாட்டில் இத்துறைக்கு முன்னோடியாக விளங்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவராக இருந்த அவர் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் உருவாயிற்று. தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வின்போது 1975இல் ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இவர்களைப் பற்றி ஆர்வத்துடன் அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். “பெரியவர்கள், தாதா. ஆனால் அவர்களுக்குப் புத்தி இருந்தது. இவருக்குச் சட்டைப் பொத்தானே மறந்துபோகிறது” என்றார். மீண்டும் ஒரு முறை தலைகுனிந்தேன். வியக்கத்தக்கவர்களின் வரலாறு, வியக்கத்தக்கவராக முடியாதவர் வீட்டில் இன்னொரு சுமையாக இறங்கக்கூடும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நம் நாட்டில் 2.68 கோடிப் பேரை ஊனமுற்றோராகக் காட்டியது. அவர்களில் பெரும்பாலோர் நிறுவனம் தொடங்கப்போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை.

கீதை 17ஆம் அத்தியாயத்தில் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. மதிப்பின்றி, இகழ்ச்சியோடு கொடுப்பது கடைசி வகை, தாமசம். நாங்கள் உணவு அனுப்பினோம், பணம் கொடுத்தோம். அவரை எங்களில் ஒருவராக மதித்து ஒரு வேலையைக் கொடுக்கவில்லை. இகழ்ச்சி என்ற சொல் எங்களுக்குக் கடுமையானது என்றே தோன்றுகிறது. ஆனால் மதிப்பின்மை என்ற சொல்லிலிருந்து தப்ப முடியவில்லை.

2014இல் ஓர் அன்பரின் மருமகள் எங்கள் சத்சங்கத்துக்கு வரத் தொடங்கினார். அவர் செயல்முறை மருத்துவம் பயின்றவர். மூளைக் காயமுற்றோருடன் பணிபுரிந்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டு எங்களைக் குறை கூறாமல், சில சிறிய காரியங்களைச் சொன்னார். கதவுக்கு அருகில், எப்போதும் ஒரே இடத்தில் அவரை உட்காரவையுங்கள். பக்கத்தில் ஒருவர் துணையிருக்கட்டும். அது மனைவியாக இருக்க வேண்டாம். முதலில் இருபது நிமிடம் போதும். ஒரே நேரத்தில் இருவர் அவரிடம் பேசாதீர்கள். கோபம் வந்தால் வாதாடாமல் வராந்தாவுக்கு அழைத்துச் சென்று நடக்கவையுங்கள். மிக முக்கியமாக, ஒரு வேலை கொடுங்கள். வாராவாரம் அதே வேலை.

பஜனைப் புத்தகங்களை எண்ணிக் கொடுத்து, முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்கி அலமாரியில் வைப்பது அவர் வேலையாயிற்று. மொத்தம் முப்பத்திரண்டு புத்தகங்கள். முதல் மாதங்களில் பாதியில் எண்ணிக்கை மறந்து மறுபடி தொடங்குவார். நாங்கள் காத்திருப்போம். பஜனை பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கும்.

தாகம் எடுத்தால் தண்ணீர் என்ற சொல் கிடைக்காமல் தவிப்பவர், இளமையில் கற்ற அபங்கத்தை ஒரு சொல் பிசகாமல் பாடினார். பேச்சும் பாட்டும் மூளையில் முற்றிலும் ஒரே பாதையில் செல்வதில்லை என்றும், கைக்குப் பழகிய வித்தை பல வேளைகளில் மற்ற நினைவுகள் போன பின்பும் தங்கியிருக்கும் என்றும் அந்த மருமகள் விளக்கினார். ஹார்மோனியத்தை அவர் முன் வைத்தோம். புதிய பாட்டு எதையும் அவரால் கற்க முடியவில்லை. பழையவற்றில் விரல் தடுமாறவில்லை.

எல்லாம் நலமாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. தியானத்தின்போது அவர் பேசுவது இன்றும் சில வாரங்களில் நடக்கிறது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், “வாரம் முழுவதும் காத்திருந்து, இரண்டு பேருந்து மாறி இந்த இருபது நிமிட மௌனத்துக்காக வருகிறேன். எனக்கு அது கிடையாதா?” என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தியானத்தை மாடியறைக்கு மாற்றலாம் என்றோம். அவருடைய முழங்காலுக்கு மாடிப்படி ஆகவில்லை. இறுதியில் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் வீட்டுக்கு நான் இப்போதும் சென்று வருகிறேன். அந்தக் கேள்விக்கு நிறைவான விடை எங்கள் இருவரிடமும் இல்லை.

மருமகள் சொன்ன இன்னொன்று, குடும்பத்தினருக்கும் ஓய்வு வேண்டும் என்பது. பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற பெரிய நிலையங்களில்கூட நோயாளியின் சிகிச்சை ஒரு நாள் முடிந்துவிடும். வீட்டில் பார்த்துக்கொள்பவரின் பணிக்கு முடிவு தேதி கிடையாது. எனவே செவ்வாய், சனி மாலைகளில் மூன்று மணி நேரம் எங்களில் ஒருவர் அந்த வீட்டில் இருப்பதென்று முறை வைத்துக்கொண்டோம். முதல் செவ்வாய் என்னுடைய முறை. கடைக்கோ, தங்கை வீட்டுக்கோ, கோயிலுக்கோ போய் வாருங்கள் என்று அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். தலையசைத்துவிட்டு உள்ளறைக்குச் சென்றார். வெகுநேரம் சத்தமில்லை. சென்று பார்த்தால், செருப்பு மாட்டிக்கொள்ளக் கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரமும் எழுந்திருக்கவில்லை. கூடத்தில் நானும் அவருடைய கணவரும் ஒரு பெட்டி நிறைய இருந்த பழைய பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

மகன் இப்போது புனேயில் வேலை பார்க்கிறான். ஆஜி காலமாகிவிட்டார். அன்பருக்கு அறுபது வயதாகப்போகிறது. செவ்வாய், சனி முறை இன்னும் நடக்கிறது. சில வாரங்களில் தவறிவிடுகிறது, அதை அந்தப் பெண்மணி இப்போதெல்லாம் தொலைபேசியில் கூப்பிட்டுக் கண்டித்துச் சொல்கிறார். முன்பு போல் ‘சரி, தாதா’ என்று விட்டுவிடுவதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பஜனை முடிந்து புத்தகங்களை எண்ணியவர் முப்பத்தொன்றில் நின்றார். மீண்டும் எண்ணினார். முப்பத்தொன்றுதான். அலமாரியை மூட மறுத்துவிட்டார். பிரசாதம் ஆறிக்கொண்டிருந்தது. ஜமக்காளத்தைத் தூக்கிப் பார்த்தோம், நாற்காலிகளின் அடியில் தேடினோம். பரவாயில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கதவருகில் நின்று, வெளியே செல்லும் ஒவ்வொருவரின் கையையும் பையையும் பார்த்தார்.

புத்தகம் என் பையில் இருந்தது.